டெர்மினேட்டர் 2 வீட்டுப் பதிப்பு: 4கே டிஸ்க்கா, 2009 ப்ளூரேயா?

பதிவு 1 | மின்னல்வரி

டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே படத்தை டிஸ்க்கில் வாங்கப் பார்க்கிறேன். 2006 ப்ளூரே, 2009-ல் வந்த ஸ்கைநெட் எடிஷன், 2017 கடைசியில் வந்த 4கே என்று வரிசையாக நிற்கின்றன. எனக்கு வேண்டியது மூன்று: கூடுதல் காட்சிகள் உள்ள நீண்ட பதிப்பு இருக்க வேண்டும், படம் நன்றாக இருக்க வேண்டும், ஒலி இழப்பில்லாத வகையாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பவை 55 அங்குல 4கே டிவி, 4கே பிளேயர், 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). 4கே என்று போட்டிருந்தால் அதையே எடுத்துவிடலாமா? முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையா? உண்மை என்றால் ஏன் அப்படி ஆனது?

பதிவு 2 | நெகடிவ்

உங்கள் முதல் தேவையிலேயே பாதி பதில் இருக்கிறது, மின்னல்வரி. 4கே டிஸ்க்கில் இருப்பது 1991 ஜூலையில் திரையரங்குக்கு வந்த 137 நிமிட வடிவம் மட்டுமே. 152 நிமிட ஸ்பெஷல் எடிஷன் 4கேயில் இல்லை. கூடவே ஒரு ப்ளூரே வைத்து விற்ற பெட்டிகளில் நீண்ட பதிப்பு அந்த ப்ளூரேயில்தான் இருக்கும். எந்த நாட்டுப் பெட்டி என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். பின்பக்கம் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

மெழுகு விஷயம் உண்மை. காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த டிஸ்க் எதற்கு என்பது தானே தெளிவாகும்.

2017-ல் மூல நெகடிவை 4கேயில் ஸ்கேன் செய்து புதுப்பித்த வேலையின் முதல் இலக்கு வீட்டு டிஸ்க் அல்ல. அந்த ஆகஸ்டில் திரையரங்குகளில் வந்த 3டி மறுவெளியீடுதான். இந்தப் படம் 3டியில் எடுக்கப்பட்டதல்ல, பின்னால் மாற்றப்பட்டது. அப்படி மாற்றும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் ஆள், சுவர், வானம் என்று அடுக்கு அடுக்காக வெட்டி, இரண்டாவது கண்ணுக்காகக் கொஞ்சம் நகர்த்துவார்கள். ஃபிலிம் கிரெயின் (ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் நுண்புள்ளிகள்) அப்படியே இருந்தால் அதுவும் அந்த அடுக்கோடு சேர்ந்து நகரும். பார்க்கிறவருக்கு அது நடிகரின் முகத்தில் ஒட்டிய தூசி மாதிரி தெரியும். நகர்த்திய இடத்தில் ஏற்படும் ஓட்டையை வரைந்து நிரப்பினால், அந்த இடத்தில் கிரெயினே இருக்காது. ஆகவே மாற்றும் முன்பே கிரெயினை எடுத்துவிடுவது இந்த வேலையில் வழக்கம். அதே துடைத்த தோற்றம்தான் 4கே டிஸ்க்கிலும் இருக்கிறது.

கிரெயினை எடுக்கும் மென்பொருள் முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை ஒப்பிட்டு, திரும்ப வராத புள்ளியெல்லாம் இரைச்சல் என்று முடிவு செய்கிறது. தோலின் நுண்குழியும் துணியின் நெசவும் கிரெயின் அளவுக்கே சின்னவை. முறத்தில் உமியைப் புடைக்கும்போது குருணையும் சேர்ந்து பறக்கிற மாதிரி அவையும் போய்விடுகின்றன. பார்க்க வேண்டிய இடம்: மனநல மருத்துவமனையில் கதாநாயகி சாரா கட்டிலை நிமிர்த்திவைத்து அதில் தொங்கி உடற்பயிற்சி செய்யும் காட்சி. கையில் வியர்வை பளபளப்பது தெரியும். வியர்வைக்குக் கீழே உள்ள தோல் வழுவழுவென்று, வர்ணம் பூசிய மாதிரி இருக்கும். முடி தனித்தனி இழையாகப் பிரியாமல் கொத்தாகச் சேர்ந்துவிடும்.

4கே என்பது பெட்டியின் அளவு. உள்ளே என்ன வைத்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

பதிவு 3 | இருள்திரை

நெகடிவ் சார் சொன்ன காரணம் சரி. ஆனா இதைப் படிக்கிறவங்க 4கே டிஸ்க்கே வேண்டாம்னு முடிவுக்கு வந்துடக்கூடாது. ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, எச்டிஆர், அதாவது ரொம்ப வெளிச்சமான இடத்திலயும் ரொம்ப இருட்டான இடத்திலயும் விவரம் தெரியற படமுறை. க்ளைமாக்ஸ் முழுக்க உருக்காலை. உருகின இரும்பு, தீப்பொறி, நீராவி, பின்னாடி நீல இருட்டு. பழைய ப்ளூரேயில கொதிக்கிற இரும்பு ஒரே வெள்ளைத் திட்டா எரிஞ்சு போயிருக்கும். 4கேயில அந்த வெள்ளைக்குள்ள மஞ்சளும் ஆரஞ்சும் பிரிஞ்சு தெரியும், ஓட்டம் தெரியும். மூல நெகடிவ்ல இருந்த விவரம் அது. பழைய ப்ளூரேயோட எட்டு பிட் எஸ்டிஆர்ல (எச்டிஆர் இல்லாத சாதாரணப் படமுறை) அதுக்கு இடமே இல்ல.

ரெண்டாவது, கிரெயின் எவ்வளவு இருந்திருக்கணும்ங்கிற கேள்வி. இது சூப்பர் 35ல எடுத்த படம். நெகடிவ்ல சாதாரண லென்ஸ்ல பதிவு பண்ணிட்டு, திரையரங்கு பிரிண்ட்டுக்காக நடுவுல இருக்குற அகலப் பட்டையை மட்டும் ஆப்டிகல் பிரிண்டர்ல பெரிசாக்கி, அனமார்ஃபிக்கா, அதாவது அகலவாக்குல நெருக்கி, சுருக்குவாங்க. பெரிசாக்கும்போது கிரெயினும் பெரிசாகும், ஒரு தலைமுறை கூடும்போது இன்னும் கூடும். அதனால தியேட்டர்ல பார்த்த அளவு கிரெயின் நெகடிவ்லயே இருந்ததுன்னு நினைக்கிறது தப்பு. நேரா நெகடிவை ஸ்கேன் பண்ணினா இயல்பாவே சுத்தமாத்தான் வரும்.

இயக்குநர் கேமரூன் பார்த்து ஒப்புக்கிட்ட வடிவம் இது. அதையும் கணக்குல எடுக்கணும்.

பதிவு 4 | நெகடிவ்

சூப்பர் 35 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெகடிவிலேயே குறைவாக இருந்த கிரெயினுக்கும், மென்பொருள் துடைத்து எடுத்ததற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இயல்பாகவே கிரெயின் குறைந்த படத்தில் தோலின் நுண்குழி இருக்கும். இதில் இரண்டுமே இல்லை. முகம் திரும்பும்போது கன்னம் ஒரு நொடி தெளிவாகி, நகர்ந்ததும் மங்கிவிடுவதைக் கவனியுங்கள். அது மென்பொருளின் தடம். லென்ஸோ ஃபிலிமோ அப்படிச் செய்யாது.

இயக்குநரின் ஒப்புதல் அவருடைய இன்றைய ரசனைக்கு ஆதாரம். 1991-ல் ஒளிப்பதிவாளர் ஆடம் கிரீன்பெர்க் எடுத்துக் கொடுத்த இரவின் நிறம் வேறு. எஃகு நீலமாக இருந்த இரவுகள் 2017 வடிவத்தில் பச்சை கலந்த நீலத்துக்குச் சாய்ந்திருக்கின்றன. இதை ரசனை வேறுபாடு என்று விடலாம். துடைத்ததை அப்படி விட முடியாது.

கிராஃபிக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லன் ரோபோவான டி-1000 உருகி உருமாறும் கணினி ஷாட்கள் மொத்தம் சில நிமிடங்களே. அவை அன்றைய கணினியில் உருவாக்கி ஃபிலிமில் திரும்பப் பதிவு செய்யப்பட்டவை. அவற்றின் நுணுக்கம் அந்தப் பதிவோடு முடிந்தது. எத்தனை கே போட்டாலும் அந்த ஷாட்கள் சற்று மென்மையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து டிவியைத் திட்ட வேண்டாம்.

பதிவு 5 | ஒலிக்கலவை

ஒலிப் பக்கம் யாரும் போகவில்லை. கேரி ரைட்ஸ்ட்ரோம் குழுவுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம் இது. ஒலிப்பதிவு, ஒலி விளைவுத் தொகுப்பு இரண்டுக்கும் விருது கிடைத்தது. கூடவே ஒப்பனைக்கும் காட்சி விளைவுகளுக்கும்.

ஸ்கைநெட் எடிஷனில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 6.1. அமெரிக்க 4கே டிஸ்க்கில் அதே வகை, ஆனால் 5.1. இரண்டும் இழப்பில்லாதவை. 4கே என்பதால் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் பெட்டியைப் படித்துவிடுங்கள்.

5.1 ரிசீவரில் 6.1 போட்டால் எதுவும் தொலையாது. பின் மையச் சேனலில் இருப்பது இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரிந்து கலந்துவிடும். 7.1 அமைப்பில் இரண்டு பின் ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும். இரண்டில் ஒன்று பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

6.1 என்பது 1991-ன் கலவை அல்ல. பின் மையச் சேனல் வீட்டுக்கும் தியேட்டருக்கும் வந்ததே 1990களின் கடைசியில்தான். முதலில் இந்தப் படம் 70 மி.மீ. பிரிண்டில் சினிமா டிஜிட்டல் சவுண்ட் என்ற 5.1 முறையில் வந்தது. 35 மி.மீ. பிரிண்டில் டால்பி மேட்ரிக்ஸ், அதாவது நான்கு சேனலை இரண்டுக்குள் மடித்து வைக்கும் முறை. அந்த மேட்ரிக்ஸ் கலவைக்கு நெருக்கமானது வேண்டுமானால் லேசர்டிஸ்க்கின் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) தான். அதைச் சாதாரண ஸ்டீரியோவாகக் கேட்காமல் ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது ப்ரோலாஜிக் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் வசனமும் பின்னணியும் ஒன்றோடொன்று மோதும்.

ரிசீவரில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இரவு முறை, டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். க்ராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரை ‘பெரியது’ என்று அமைத்திருந்தால் மினிகன் காட்சியில் வூஃபர் திணறும், ஒலி உடையும். பலர் அதை டிஸ்க்கின் குறை என்று நினைக்கிறார்கள். பிராட் ஃபீடலின் தொடக்க இசையில் வரும் அந்த உலோக அடி சோதனைக்கு நல்ல இடம்: ஒவ்வொரு அடியும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றோடொன்று குழைந்து ‘கொர்’ என்று ஓடினால் சப்வூஃபரின் அளவு கூடிவிட்டது. 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

பதிவு 6 | பழையதட்டு

நீண்ட பதிப்பின் கணக்கைச் சரியா வச்சுக்கலாம். மொத்தம் மூணு வடிவம்.

137 நிமிஷம் தியேட்டர் வடிவம். 152 நிமிஷம் ஸ்பெஷல் எடிஷன், 1993-ல லேசர்டிஸ்க்ல முதல்ல வந்தது. மைக்கேல் பீன் வர்ற கனவு, டெர்மினேட்டர் தலையிலேர்ந்து சிப்பைக் கழட்டுறது, ஜான் சிரிக்கக் கத்துக்கொடுக்கறது, டைசன் வீட்டுக் காட்சிகள், உருக்காலையில டி-1000 கை கம்பியில ஒட்டிக்கிட்டு கோளாறாகுறது எல்லாம் இதுல. கடைசியா 156 நிமிஷ வடிவம். 2000-ல வந்த அல்டிமேட் எடிஷன் டிவிடியில மறைச்சு வச்சிருந்தாங்க. ஸ்பெஷல் எடிஷன் மெனுவுல ரிமோட்ல 8, 2, 9, 9, 7ன்னு அழுத்தணும். படத்துல தீர்ப்பு நாள் 1997 ஆகஸ்ட் 29, அதான் எண். சில ரிமோட்ல ஒவ்வொரு எண்ணுக்கும் என்டர் அழுத்தணும். எண் திரையில நேரா அத்தியாயத்துக்குத் தாவுச்சுன்னா பிளேயர் அதை சாப்டர் தேடலா எடுத்துக்குதுன்னு அர்த்தம். மெனு முழுசா வந்து அசைவு நின்ன பிறகு முயற்சி பண்ணணும். கூடுதலா வர்றது டி-1000 ஜானோட அறையை விரலால தடவித் தேடுறதும், வயசான சாரா பூங்காவுல உட்கார்ந்திருக்கிற வேற முடிவும்.

இந்த மூணும் ஒரே ப்ளூரேயில இருக்கறது ஸ்கைநெட் எடிஷன்ல. அதான் மின்னல்வரிக்கு அது முக்கியம்.

பழைய பதிப்பு கைக்குக் கிடைச்சா எச்சரிக்கை ரெண்டு. அல்டிமேட் எடிஷனோட முதல் அச்சுகள் டிவிடி-18, அதாவது ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடுக்கு. நாலு அடுக்கையும் ஒட்டுற வேலை அந்தக் காலத்துல கஷ்டம். நாளாக நாளாக ஒட்டு விட்டு, நடு வளையத்துக்குப் பக்கத்துல பால் ஊத்தின மாதிரி வெள்ளைப் படலம் வரும். வாங்குறதுக்கு முன்னாடி டிஸ்க்கை விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. ஒரே சீரான வண்ணமா இருந்தா சரி. மேகம் மாதிரி திட்டு இருந்தா ரெண்டாவது அடுக்குக்கு மாறுற இடத்துல உறைஞ்சு நிக்கும். துடைச்சா போகாது, ஏன்னா அழுக்கு உள்ள இருக்கு.

இன்னொண்ணு, 2003 எக்ஸ்ட்ரீம் எடிஷன். அதுல ஒரு கணினி டிஸ்க்ல 1080பி படம் இருக்கு, ப்ளூரே வர்றதுக்கு முன்னாடியே. விண்டோஸ் மீடியா 9 வகை. ஆனா ஓட்டணும்னா இணையத்திலேர்ந்து உரிமம் இறங்கணும், அதுவும் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும். உரிமம் இல்லாம அந்தக் கோப்பு திறக்காது. ‘எச்டி டிஸ்க் உள்ளது’ன்னு விலை கூட்டிக் கேட்டா அதுக்காகக் கொடுக்காதீங்க.

பதிவு 7 | மின்னல்வரி

மிகவும் தெளிவாகிறது, நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, 2009 ப்ளூரேயின் படம் எப்படி, அதிலும் துடைத்திருக்கிறார்களா? இரண்டு, மூன்று வடிவங்களை ஒரே டிஸ்க்கில் வைத்தால் காட்சி சேரும் இடத்தில் தடங்கும் என்கிறார்களே? மூன்று, 4கேயின் மென்மையைச் சரிசெய்ய டிவியில் ஷார்ப்னஸைக் கூட்டினால் போதுமா?

பதிவு 8 | நெகடிவ்

முதல் கேள்விக்கு: 2009 வடிவம் பழைய எச்டி மாஸ்டரிலிருந்து வந்தது. விசி-1 என்ற வீடியோ சுருக்கும் முறை. அதிலும் லேசாகச் சுத்தம் செய்ததும், விளிம்பைக் கூர்மையாக்கியதும் தெரியும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே நிற்கும் ஆளின் தோள் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும், அதுதான் அடையாளம். 2006-ல் வந்தது அதைவிடப் பழைய எம்பெக்-2 முறை. அதில் சுத்தம் குறைவு, கிரெயின் கூடுதலாக நிற்கிறது, ஆனால் புகையும் தீப்பொறியும் உள்ள ஷாட்களில் கட்டம் கட்டமாக உடையும். நீண்ட பதிப்பும் அதில் கிடையாது. முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்றால் இந்த இரண்டுமே 4கேயை விட மேல். பரந்த காட்சி, இருட்டு, நெருப்பு என்றால் 4கே மேல்.

மூன்றாவது கேள்விக்கு: கூடாது. ஷார்ப்னஸ் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. இருக்கும் விளிம்புகளின் இரு பக்கமும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். துடைத்த தோலில் விளிம்பு என்பது கண், மூக்கு, உதடு மட்டும். அவை மட்டும் கூர்மையாகி, நடுவே உள்ள கன்னம் வழுவழுப்பாகவே நின்றால் மெழுகு இன்னும் கூடித் தெரியும்.

பதிவு 9 | இருள்திரை

டிவி அமைப்பு நான் சொல்றேன். இதுல தப்பு நடந்தா எந்த டிஸ்க் போட்டாலும் வீண்.

ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதைப் போடுங்க, இல்லைன்னா சினிமா மோட். ஷார்ப்னஸை நடுநிலைக்குக் கொண்டு வாங்க. சில டிவியில அது 0, சிலதுல 10, சிலதுல 50. எழுத்தோட விளிம்புல வெள்ளைக் கோடு மறையுற வரைக்கும் குறைச்சா அதான் நடுநிலை. நாய்ஸ் ரிடக்‌ஷன், டிஜிட்டல் க்ளீன், எம்பெக் நாய்ஸ் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. ஏற்கெனவே துடைச்ச படத்தை டிவி மறுபடியும் துடைச்சா என்ன மிஞ்சும்? மோஷன் ஸ்மூத்திங் அணைக்கணும். பிளேயர்ல 24பி (நொடிக்கு 24 ஃப்ரேம்) வெளியீடு ‘ஆட்டோ’ அல்லது ‘ஆன்’.

எச்டிஆர் வரவே இல்லைன்னா பத்துல ஒன்பது தடவை டிவியோட எச்டிஎம்ஐ துளை அமைப்புதான் காரணம். அந்தத் துளைக்கு மட்டும் ‘என்ஹான்ஸ்டு’ இல்ல ‘டீப் கலர்’னு ஒரு வசதி தனியா இயக்கணும். கேபிள் 18 ஜிகாபிட் தாங்கணும். நடுவுல ரிசீவர் இருந்தா அதுவும் எச்டிசிபி 2.2 (காப்பி தடுப்பு முறை) ஏற்கணும், இல்லைன்னா பிளேயர் பேசாம 1080பிக்கு இறங்கிடும். படம் நல்லாத்தான் இருக்கேன்னு பார்த்துட்டே இருப்பீங்க. ரிமோட்ல தகவல் பட்டனை அழுத்தி 2160பி, பிடி.2020 (அகல வண்ண முறை), எச்டிஆர் மூணும் காட்டுதான்னு பாருங்க.

டிவியோட உச்ச வெளிச்சம் 400 நிட்டுக்கு (நிட்ங்கிறது வெளிச்சத்தோட அளவு) கீழன்னா கால்வாய்த் துரத்தல், பாலத்தடி நிழல் எல்லாம் மங்கலாத் தெரியும். டைனமிக் டோன் மேப்பிங் (எச்டிஆர் வெளிச்சத்தை டிவியோட திறனுக்கு ஏத்தபடி மாத்துறது) இருந்தா போடுங்க. இல்லைன்னா பிளேயர்லயே எச்டிஆர்லேர்ந்து எஸ்டிஆருக்கு மாத்துற வசதியில பாருங்க. ப்ரொஜெக்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இது கட்டாயம் மாதிரிதான்.

தூரமும் முக்கியம். 55 அங்குலத் திரையோட உயரம் சுமார் 68 செ.மீ. 1080பியோட முழு விவரம் கண்ணுக்கு எட்ட அதுல மூணு மடங்கு, அதாவது 2 மீட்டர் சொச்சம். 4கேயோட முழு விவரத்துக்கு ஒன்றரை மடங்கு, 1 மீட்டர்தான். 3 மீட்டர்ல உட்கார்ந்தா ரெண்டு டிஸ்க்குக்கும் நடுவுல தெரியப்போறது வண்ணமும் வெளிச்சமும்தான், நுணுக்கம் இல்ல. மெழுகும் அந்தத் தூரத்துல பாதி மறைஞ்சுடும், அதையும் நேர்மையாச் சொல்லணும்.

பதிவு 10 | ஒலிக்கலவை

இரண்டாவது சந்தேகம், காட்சி சேரும் இடம். டிஸ்க்கில் மூன்று முழுப் படங்கள் இல்லை. பொதுவான பகுதிகள் ஒரு முறை மட்டும், கூடுதல் காட்சிகள் தனித் துண்டுகளாக. எந்த வடிவத்துக்கு எந்தத் துண்டு எந்த வரிசையில் என்பதை ஒரு பட்டியல் கோப்பு சொல்லும். பிளேயர் ஒரு துண்டு முடியும் முன்பே அடுத்ததைத் தேடிப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவகம் குறைந்த பழைய பிளேயரிலும், லேசர் தளர்ந்த டிரைவிலும் அந்தத் தாவலில் படம் அரை நொடி நிற்கும்.

படம் ஓடி, ஒலி மட்டும் ஒரு கணம் அறுந்தால் காரணம் வேறு. இழப்பில்லாத ஒலியைப் பிளேயர் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும்போது, துண்டு சேரும் இடத்தில் ரிசீவர் பூட்டை இழந்து மறுபடி பிடிக்கும். பிளேயரின் ஒலி வெளியீட்டைப் பிட்ஸ்ட்ரீமிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றுங்கள். பிளேயரே பிரித்து அனுப்பும், சங்கிலி அறாது. தரத்தில் ஒரு துளியும் குறையாது. ரிசீவரின் முகப்பில் டிடிஎஸ் என்று எழுத்து வராமல் ‘மல்டி சேனல்’ என்று வரும், அவ்வளவே.

எல்லாத் தாவலிலும் நின்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் அதே நொடியில் நின்றால் அது டிஸ்க்கில் உள்ள கறை.

பதிவு 11 | பழையதட்டு

கறைன்னு வந்ததால சொல்லிடறேன். டிவிடியில தகவல் அடுக்கு மேற்பரப்புலேர்ந்து 0.6 மி.மீ. ஆழத்துல இருக்கு. ப்ளூரேயிலும் 4கேயிலும் வெறும் 0.1 மி.மீ. கீறல் விழாம இருக்க மேல கெட்டிப் பூச்சு உண்டு, ஆனா விரல்ரேகை எண்ணெய் ஒண்ணு போதும் படிக்க விடாம செய்ய. மைக்ரோஃபைபர் துணியால நடுவிலேர்ந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டுல துடைக்கணும். வட்டமாத் துடைச்சா அந்தக் கீறல் தடத்தோடயே ஓடும், பிழை திருத்தத்தால சமாளிக்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்குன்னா வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு, அப்புறம் ஒத்தி எடுக்கணும். டிஷ்யூ பேப்பர் கூடாது.

ரீஜியன், அதாவது டிஸ்க் எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்ங்கிற பூட்டு. 4கே டிஸ்க்குக்கு ரீஜியன் பூட்டே கிடையாது, எந்த நாட்டுதும் ஓடும். கூட வர்ற ப்ளூரேக்கு இருக்கலாம். ஏ-ன்னா அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கிழக்கு ஆசியா. பி-ன்னா ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. சி-ன்னா இந்தியா, சீனா, ரஷ்யா பக்கம். பெட்டிக்குப் பின்னாடி அறுகோணத்துக்குள்ள எழுத்து இருக்கும். நீண்ட பதிப்பு அந்த ப்ளூரேயிலதான்ங்கறதால, 4கே ஓடுச்சு, நீண்டது ஓடலைங்கிற நிலைமை வரும்.

அமெரிக்காவுல லயன்ஸ்கேட், ஐரோப்பாவுல ஸ்டூடியோகனால்னு உரிமை பிரிஞ்சு கிடக்கு. 3டி டிஸ்க் வேணும்னா ஐரோப்பியப் பெட்டியில தேடுங்க, அமெரிக்காவுல அது வரல.

பெட்டியில நிமிஷம் குறைச்சலாப் போட்டிருந்தா வெட்டிட்டாங்கன்னு பதறவேண்டாம். பால் (PAL) முறை டிவிடியில, அதாவது ஐரோப்பா, இந்தியா பக்கம் வர்றதுல, நொடிக்கு 24 ஃப்ரேமை 25 ஆக்கி ஓட்டுவாங்க. 137 நிமிஷம் 131 சொச்சம் ஆகும், 152 நிமிஷம் 146 ஆகும். குரலும் அரை சுரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏறும். ஆர்னால்ட் குரல் பழகின காதுக்கு உடனே தெரியும். ப்ளூரேயிலும் 4கேயிலும் இந்தப் பிரச்சினை இல்ல, 24 ஆகவே ஓடும்.

பதிவு 12 | இருள்திரை

ஒப்பிட்டுப் பார்க்கிறவங்களுக்கு: இணையத்துல போடற ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி முடிவெடுக்காதீங்க. எச்டிஆர் ஃப்ரேமை டோன் மேப் பண்ணாம எடுத்தா சாம்பல் பூசின மாதிரி இருக்கும், டிஸ்க் அப்படி இல்ல. வீட்டுல பார்க்கிறதா இருந்தா ஓடுற படத்தைப் பாருங்க. நிறுத்தின ஃப்ரேம்ல கிரெயின் அழுக்கு மாதிரி தெரியும், ஓடும்போதுதான் அது உயிரோட அசையும்.

அப்புறம் 2017 வடிவத்துல ஒரு திருத்தம் உண்டு. டிரக் பாலத்துலேர்ந்து கால்வாய்க்குள்ள விழும்போது முன்கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போகும், அடுத்த ஷாட்ல பழையபடி இருக்கும். கேமரூன் அதைக் கணினியில சரிபண்ணிட்டாரு. 1991-ல இருந்தது அப்படியே வேணும்ங்கிறவங்க இதையும் கணக்குல வச்சுக்கணும்.

ப்ரொஜெக்டர்ல அகலத் திரைக்கு ஜூம் பண்ணிப் பார்க்கிறவங்க வசன எழுத்தைக் கவனிங்க. படம் 2.39 விகிதம், 4கே ஃப்ரேம்ல 3840க்கு 1607. மேலயும் கீழயும் 276 வரி கருப்பு. வசன எழுத்தோட ரெண்டாவது வரி அந்தக் கருப்புல விழுந்தா திரைக்கு வெளியே போயிடும். பிளேயர்ல எழுத்தை மேலே நகர்த்தற வசதி இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க.

பதிவு 13 | நெகடிவ்

மின்னல்வரிக்கு என் தீர்ப்பு: முதலில் ஸ்கைநெட் எடிஷன். நீண்ட பதிப்பு, இழப்பில்லாத 6.1, முகம் முகமாக இருக்கும் படம், மூன்று தேவையும் அதிலேயே அடங்குகிறது. பிறகு உருக்காலைக் காட்சிக்காக 4கே வேண்டும் என்று தோன்றினால் இரண்டாவதாக எடுங்கள். 4கேயை மட்டும் வாங்கி, நீண்ட பதிப்புக்குக் கூட வரும் ப்ளூரேயை நம்புவது ரீஜியன் பூட்டைப் பொறுத்தது.

நீண்ட பதிப்பை விட வேண்டாம் என்பதற்கு ஒரு காட்சி போதும். சிப்பைக் கழற்றும் இடத்தில் கேமரா கண்ணாடியில் மெல்ல நெருங்கும். அங்கே கண்ணாடியே கிடையாது. சுவரில் வெறும் ஓட்டை. இந்தப் பக்கம் ஆர்னால்டின் உருவத்தில் செய்த பொம்மைத் தலையும் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி லெஸ்லியும். ‘பிம்பமாக’ அந்தப் பக்கம் நிஜ ஆர்னால்டும் லிண்டாவும். இரண்டு சகோதரிகளும் ஒரே நேரத்தில் கையை அசைக்கிறார்கள். 2009 ப்ளூரேயில் இரண்டு பக்கக் கைகளையும் ஒன்றாகப் பார்த்தால் கை அசையும் வேகத்தில் நூலளவு வித்தியாசம் பிடிபடும். 137 நிமிட 4கேயில் இந்தக் காட்சியே இல்லை.

பதிவு 14 | மின்னல்வரி

ஸ்கைநெட் எடிஷனையே எடுக்கிறேன். 152 நிமிடத்தை ஒரே மூச்சில் பார்க்காமல் பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடருமா?

பதிவு 15 | ஒலிக்கலவை

பெரும்பாலும் தொடராது. மெனு ஜாவாவில் எழுதிய டிஸ்க்குகள், நிறுத்து பட்டனை அழுத்தினாலே முதலிலிருந்து ஏற்றும், அதற்கே நேரம் பிடிக்கும். நிறுத்தும் முன் தகவல் பட்டனை அழுத்தி அத்தியாய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்போது முதலில் ஸ்பெஷல் எடிஷனைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அத்தியாயத்துக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் தியேட்டர் வடிவத்தின் அத்தியாயத்தில் போய் நிற்கும், எண் ஒன்றாக இருந்தாலும் காட்சி வேறாக இருக்கும்.